அடிக்கட்டைக்கு ஒரு வாரிசு

மலைச்சரிவில் மரம் வெட்டிய இடத்தில் என்ன நடலாம்? போடி மலையிலிருந்து ஓர் அனுபவம்

எங்கள் காடு குரங்கணிக்கு மேலே சரிவில் இருக்கிறது. மொத்தம் இரண்டரை ஏக்கர். கீழ்ப்பாதியில் காப்பியும் மிளகும், மேல்பாதியில் கொஞ்சம் ஏலம். வீடு போடியில். வாரத்துக்கு ரெண்டு நாள் மேலே போவேன். பறிப்பு நேரத்தில் மட்டும் அங்கேயே தங்குவேன். இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. தினமும் தண்ணீர் ஊற்றி, களையெடுத்து, பக்கத்தில் இருந்து வளர்க்கிற செடி எனக்கு ஆகாது. ஆள் கிடைப்பதும் இல்லை, கிடைத்தால் கூலி கட்டுபடி ஆவதும் இல்லை. நட்டால் அது தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

2018 தை மாசம், மகளின் கல்லூரிச் செலவுக்காக நாலு சில்வர் ஓக் மரங்களை விற்றேன். மூன்று மரங்கள் ஓரளவு சமமான இடத்தில் நின்றவை. நாலாவது, நடைபாதைக்கு மேலே சரிவின் விளிம்பில் நின்றது. அதற்குப் பத்தடி கீழேதான் எங்கள் ஊற்றுத் தண்ணீர் வந்து சேரும் தொட்டி. அப்பா நட்ட மரம் அது. அறுத்து எடுத்துக்கொண்டு போன பிறகு, ரெண்டரை அடி அகலத்தில் அடிக்கட்டை மட்டும் நின்றது. ஏறும்போதும் இறங்கும்போதும் கண்ணில் படும். பார்க்கச் சங்கடமாக இருந்தது. "மேல ஏதாவது ஒரு செடியை வச்சு மறைச்சிரலாம்" என்று நினைத்தேன்.

அந்த 'ஏதாவது' என்ற சொல்லுக்கு நான் மூன்று வருஷம் விலை கொடுத்தேன். மரம் வெட்டிய எல்லோருடைய காட்டிலும் ஓர் அடிக்கட்டை நிற்கும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பிடுங்கலாமா, எரிக்கலாமா?

ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். பக்கத்துக் காட்டு மாமா, "தூரோட பிடுங்கிப் போட்டிரு மாப்ள, இடம் சுத்தமாயிரும்" என்றார். அவர் தன் காட்டில் ரெண்டு தூரை இயந்திரம் வைத்துப் பிடுங்கியிருந்தார். இடம் சுத்தமானது உண்மைதான். அந்த வருஷ ஐப்பசி மழையில் தூர் எடுத்த குழியில் தண்ணீர் தேங்கி, கரை கொழகொழத்து, அஞ்சு காப்பிச் செடியோடு மண் பாதைக்கு இறங்கிவிட்டது. சமவெளியில் தூர் எடுப்பது வேறு, சரிவில் எடுப்பது வேறு. ஒரு பெரிய தூரைப் பிடுங்கினால் அதைச் சுற்றி ஏழெட்டு அடிக்கு மண் இளகிப்போகும். பல வருஷமாக வேர் கட்டி வைத்திருந்த மண்ணை ஒரே நாளில் அவிழ்த்து விடுகிறோம்.

அடுத்த யோசனை, டீசல் ஊற்றி எரிப்பது. கோடையில் காய்ந்த தூருக்குத் தீ வைத்தால் மேலே அணைந்தது போலத் தெரியும். உள்ளே வேர் வழியாகக் கனல் ஊர்ந்துகொண்டே இருக்கும். ரெண்டு மூணு நாள் கழித்து வேறோர் இடத்தில் சருகைப் பற்றும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் உயிரிழந்தார்கள். அந்தப் புகையைப் பார்த்தவர்கள் கோடையில் இந்தச் சரிவில் தீக்குச்சி கிழிக்க மாட்டோம்.

மூன்றாவது, உப்பு, அமிலம், களைக்கொல்லி. கீழே பத்தடியில் குடிக்கிற தண்ணீர். அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை.

ஆக, தூர் அங்கேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். அந்த முடிவு சரி. அதற்கப்புறம் செய்ததுதான் தப்பு.

முதல் தப்பு: காப்பி

மரம் அறுத்தபோது விழுந்த மரத்தூளும் சிராய்களும் குவியலாகக் கிடந்தன. 'எல்லாம் மட்கிற பொருள்தானே, உரம்தானே' என்று அடிக்கட்டையின் பக்கத்தில் குழி வெட்டி, மரத்தூளை மண்ணோடு கலந்து நிரப்பி, ரெண்டு காப்பி நாற்று நட்டேன். மூன்றே மாசத்தில் இலை வெளுத்தது. பஞ்சகவ்யா தெளித்தால் நாலு நாள் பச்சை பிடிக்கும், மறுபடியும் வெளுக்கும். ரெண்டாவது கோடையில் ரெண்டும் காய்ந்தன.

காரணம் ரொம்ப எளிது. கம்போஸ்ட் குவியல் நன்றாக மட்க வேண்டுமானால், ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கரிமம் இருக்க வேண்டும் என்று எல்லோரும் படித்திருப்போம். மரத்தூளிலோ ஒரு பங்கு தழைச்சத்துக்குப் பல நூறு பங்கு கரிமம். அதைத் தின்னும் நுண்ணுயிர்கள், தங்களுக்குப் பற்றாத தழைச்சத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து இழுத்துக்கொள்ளும். மரத்தூள் மண்ணுக்கு மேலே மூடாக்காகக் கிடந்தால் இந்தச் சண்டை மேல்பரப்போடு முடிந்துவிடும். மண்ணுக்குள் கலந்துவிட்டால் செடி பட்டினிதான். கட்டை முழுசாக மட்கிய பிறகு அந்தச் சத்து திரும்பி வரும். ஆனால் நாற்றால் அதுவரை காத்திருக்க முடியாது.

ஃபுகோகாவின் 'ஒற்றை வைக்கோல் புரட்சி' படித்தவர்களுக்கு நினைவிருக்கும். தன் பழத்தோட்டத்தின் கெட்டி மண்ணைச் சரிசெய்ய அவரும் முதலில் மரக்கட்டைகளையும் காட்டுத் தழைகளையும் சுமந்து வந்து புதைத்துப் பார்த்தார். கடைசியில் அதெல்லாம் வீண் உழைப்பு, மண்ணை வளப்படுத்தும் மரத்தை அங்கேயே வளர்ப்பதுதான் வழி என்று கண்டுகொண்டார். படித்தபோது எனக்குப் புரிந்த மாதிரிதான் இருந்தது. காப்பி காய்ந்த பிறகுதான் உறைத்தது.

ரெண்டாவது தப்பு: செம்பருத்தி

2020-இல் செம்பருத்திக் குச்சிகளை வைத்தேன். பூ அழகாக இருக்கும், போத்து வைத்தால் பிடித்துக்கொள்ளும் என்பதுதான் கணக்கு. பிடித்தது. தளதளவென்று துளிர்த்தது. கீழே இருந்து வந்த ஆடுகள் ஒரு தடவை மேய்ந்தன. மிச்சத்தைக் காட்டுமாடு முடித்தது. அந்தப் பக்கம் சருக்கு மண்ணில் அதன் குளம்படி வேறு. செடியை வைத்து நானே விருந்துக்குக் கூப்பிட்ட மாதிரி ஆனது.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய்த் தூரைச் சுற்றிக் குத்திப் பார்த்தேன். மேல் கட்டை இன்னும் கெட்டியாகத்தான் இருந்தது. பக்கவாட்டில் ஓடிய வேர்களில் கடப்பாரை சோற்றில் இறங்குவது போல இறங்கியது. எனக்கு நெஞ்சு பகீர் என்றது.

காப்பி பறிக்க வரும் ஒரு மூத்த ஆத்தா கூட நின்றிருந்தார். இந்த மலையில் அம்பது வருஷம் கூடை சுமந்தவர். "ஏய்யா, கட்டைய மறைக்கச் செடி தேடுறியே. அது மண்ணைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. அது கைய விடுறதுக்குள்ள இன்னொரு கை வந்து பிடிக்கணுமுல்ல?" என்றார்.

அதுவரை நான் கேட்ட கேள்வியே தப்பு என்று அப்போதுதான் தெரிந்தது.

செத்த வேருக்கும் கெடு உண்டு

மரத்தை வெட்டிய அன்றைக்கே சரிவு பலவீனமாவதில்லை. செத்த வேரும் சில காலம் மண்ணை இறுக்கிப் பிடித்திருக்கும். முதலில் விரலுக்கும் மெல்லிய வேர்கள் மட்கும். மண்ணை வலை போலப் பின்னியிருப்பவை அவைதான். அப்புறம் பருமனான வேர்கள் உள்ளுக்குள் கூடாகும். மண்சரிவை ஆராய்ந்தவர்கள் பல நாடுகளில் கண்டது ஒன்றுதான்: மரம் வெட்டிய 3-ஆம் வருஷத்திலிருந்து பத்துப் பதினைந்து வருஷம் வரைதான் அந்தச் சரிவுக்குப் பெரிய ஆபத்து. பழைய வேர் விட்டுவிட்டது, புது வேர் இன்னும் பிடிக்கவில்லை என்ற இடைவெளி அது. வேர் மட்கிய பொந்து வழியாக மழைத்தண்ணீர் குழாயில் போவது போல உள்ளே இறங்கி மண்ணை ஊற வைப்பதும் அப்போதுதான்.

வெட்டி ரெண்டு மழை தாண்டிவிட்டது, ஒன்றும் ஆகவில்லை என்று நாம் மறந்துபோகிற நேரத்தில்தான் கெடு முடிகிறது. அதனால் அடிக்கட்டைக்குப் பக்கத்தில் நடும் செடி அழகுக்கு வைப்பது இல்லை. அந்த மரத்துக்கு அதுதான் வாரிசு.

நடுமுன் நாலு கேள்வி

1. *தூர் உண்மையிலேயே செத்துவிட்டதா?* கத்தியால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. வாகை, கிளிரிசிடியா, கல்யாண முருங்கை போன்றவை தூரிலிருந்து துளிர்க்கக் கூடியவை. துளிரில் நல்ல ரெண்டை விட்டு மிச்சத்தைக் கழித்தால் போதும். அதைவிடப் பராமரிப்புக் குறைந்த செடி எதுவும் இல்லை. வேர் ஏற்கெனவே இருக்கிறதே! முதிர்ந்த சில்வர் ஓக் தூர் துளிர்ப்பது அரிது. என்னுடையது துளிர்க்கவில்லை.

2. *தூரில் வேர்நோய் இருக்கிறதா?* தோட்டப் பயிர்க்காரர்கள் அடிக்கட்டையைக் கண்டு பயப்படுவது இதற்காகத்தான். காப்பி, தேயிலையைத் தாக்கும் பல வேரழுகல் பூஞ்சாணங்கள் செத்த தூரில்தான் குடியேறிப் பெருகும். பிறகு வேரோடு வேர் உரசும் இடத்தில் பக்கத்துச் செடிக்குத் தாவும். வேரைத் தோண்டிப் பாருங்கள். மண்ணும் பொடிக்கல்லும் பழுப்பு நிறப் பசையால் ஒட்டியது போல வேரில் அப்பியிருந்தால் பழுப்பு வேர்நோய். அடிப்பகுதியில் கரி பூசியது போலக் கறுப்பு ஓடு படர்ந்திருந்தால் அதுவும் தூரழுகல்தான். சிவந்த இழைகள் படர்ந்திருந்தால் சிவப்பு வேர்நோய். இவற்றில் எது இருந்தாலும் அங்கே கட்டைத்தன்மையுள்ள எந்தச் செடியையும் நடாதீர்கள். தேயிலைத் தோட்டங்களில் பழைய செடிகளைப் பிடுங்கிய நிலத்தில் ஒன்றரை, ரெண்டு வருஷம் குவாத்தமாலா புல் வளர்த்து மண்ணைத் தேற்றிய பிறகே மறுநடவு செய்வார்கள். அதே வழியில் புல்லை மட்டும் வையுங்கள். சரிவுக்கு வெட்டிவேர் நல்லது. ஆழமாக இறங்கும், பக்கத்தில் படர்ந்து தொல்லை தராது.

3. *அந்த இடத்தில் செடிக்கு என்ன வேலை?* மண்ணைப் பிடிப்பதா, வேலியா, தேனீக்குப் பூவா, மூடாக்குக்குத் தழையா? எனக்கு மண் முதல், தேனீ அடுத்தது.

4. *யார் தின்பார்கள்?* ஆடு, மிளா, காட்டுமாடு. போதாததற்குக் காட்டுப்பன்றி. மட்கிய தூரில் புழு தேடிக் கிண்டும். சுவையான கிழங்கோ, இளந்தழையோ அங்கே இருக்கக் கூடாது.

எதைக் கழித்தேன், எதை எடுத்தேன்

*உண்ணிச்செடி:* நடவே வேண்டாம், தானே வந்துவிடும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச்செடியாக இந்தியாவுக்கு வந்தது, இன்று மலைக்காடுகளையே மூடிக்கொண்டிருக்கிறது. தழை கால்நடைக்கு விஷம். பராமரிப்பே வேண்டாத செடி என்று யாராவது சொன்னால் முதலில் இப்படியும் யோசிக்க வேண்டும்: நாளைக்கு நம் சொல் கேட்குமா?

*காட்டுச் சூரியகாந்தி:* தழையுரத்துக்கு அருமை. ஆனால் விதை பறந்து ஓடைக்கரை முழுதும் பரவுகிறது. பூக்குமுன் வெட்ட ஆள் இருந்தால் மட்டும் சரி.

*சேம்பு வகைகள்:* ஈரமான தூர் ஓரத்தில் செழிக்கும். ஏலக்காட்டுக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். ஏலத்துக்குக் கட்டே நோயைப் பரப்பும் அசுவினி பெருகுகிற செடிகளில் சேம்பும் ஒன்று. இருந்தால் பிடுங்கிவிடுங்கள்.

*கிளிரிசிடியா:* தழைச்சத்தைச் சேர்க்கும், போத்தில் பிடிக்கும், மிளகும் ஏறும். வருஷத்துக்கு ரெண்டு மூணு கவாத்து தவறினால் மரமாகிவிடும். சரிவின் விளிம்பில் மறுபடியும் கனமான மரம் எனக்கு வேண்டாம். உள்பக்கம் மட்டும் வைத்தேன்.

*ஆவாரை:* மலையடிவாரத்தில் இலவம், மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இதுதான் முதல் தேர்வு. விதையைத் தூவினால் போதும். ஆணிவேர் ஆழமாக இறங்கும், ஆடுமாடு அநேகமாகச் சீண்டாது, வறட்சி தாங்கும். மழையும் நிழலும் கூடிய எங்கள் உயரத்தில் அவ்வளவாக எழும்பவில்லை.

*குறிஞ்சி:* மேலே புல்வெளி ஓரங்களில் இருப்பவர்கள் ஆசைப்படுவார்கள். 2006-இலும் 2018-இலும் பூத்தது, இனி 2030. தேனீக்குப் பெரும் விருந்து. ஆனால் காட்டிலிருந்து பிடுங்கி வந்து நட வேண்டாம். தானாக முளைத்தால் வெட்டாமல் விடுங்கள்.

*நொச்சி:* ஆத்தா சொன்னது இதைத்தான். ஆற்றோரம், வரப்பு, ஓடைக்கரை என்று மண் அரிக்கும் இடத்திலெல்லாம் நம் முன்னோர் வைத்த செடி. போத்தில் பிடிக்கும். வெட்ட வெட்டத் துளிர்க்கும். வாசனை காரணமாக ஆடுமாடு வாய் வைக்காது. வருஷத்தில் பல மாசம் ஊதாப் பூ இருக்கும், தேனீ மொய்க்கும்.

*ஆடாதொடை:* பெயரிலேயே சேதி இருக்கிறது. அரை நிழலிலும் வளரும். ஆளுயரத்துக்கு மேல் அதிகம் போகாது. அடியிலிருந்தே பல கிளையாகப் புதர் கட்டும். வெள்ளைப் பூ. ரெண்டின் இலையும் நம் ஐந்திலைக் கரைசலுக்கு வேண்டியவை. ஒன்றுக்கு இருமல் மருந்து, இன்னொன்றுக்குக் கொசுப்புகை என்று வீட்டுக்கும் உதவும்.

நொச்சியும் ஆடாதொடையும் சேர்ந்தே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். ஒன்று தவறினாலும் இன்னொன்று நிற்கும்.

நட்ட விதம்

2021 ஐப்பசி முதல் மழைக்கு மண் நன்றாக நனைந்த மறுநாள் நட்டேன். எங்கள் கிழக்குச் சரிவுக்கு வடகிழக்குப் பருவம்தான் பெரிய மழை. போத்து பிடிக்க அதுதான் நேரம்.

அடிக்கட்டைக்கு *மேலே* எதையும் நடவில்லை. அது மண் அல்ல, கட்டை. நடுவில் குழிந்த இடத்தில் மண் நிரப்பி வைக்கும் செடி மழைக்காலத்தில் செழித்து, கோடையில் சட்டியில் வைத்த செடி போலக் காயும். தூரிலிருந்து ரெண்டடி தள்ளி, கீழ்ப்பக்கமும் ரெண்டு விலாப்பக்கமும் பிறை வடிவில் நட்டேன்.

- உள்வரிசையில் நொச்சி. கட்டைவிரல் பருமன், ஒன்றரை அடி நீளப் போத்து, பாதி மண்ணுக்குள். ரெண்டடிக்கு ஒன்றாக 9 போத்து.
- வெளிவரிசையில் ஆடாதொடை. நாலு கணு உள்ள முற்றிய குச்சி, 8 எண்ணம். நொச்சியின் இடைவெளிக்கு நேராக வரும்படி மாற்றி மாற்றி.
- அதற்கும் கீழே, சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் எலுமிச்சைப் புல் ஒரு வரிசை.
- இடையிடையே துவரை விதை. ரெண்டு மூணு வருஷத்தில் போய்விடும் செடிதான். அதுவரை நிழலும் தழைச்சத்தும் தரும்.

குழி வெட்டவில்லை. சரிவில் குழி வெட்டுவது என்றால் மண்ணை இளக்குவது. கடப்பாரையால் துளை போட்டு, போத்தை இறக்கி, காலால் இறுக்கியதோடு சரி. துளைக்கு ஒரு கைப்பிடி ஊட்டமேற்றிய தொழுவுரம்: 9 கிலோ மட்கிய தொழுவுரம், 1 கிலோ வேப்பம்புண்ணாக்கு, 100 கிராம் டிரைக்கோடெர்மா கலந்து, லேசான ஈரத்தில் நிழலில் ரெண்டு வாரம் வைத்தது. செத்த தூருக்குப் பக்கத்தில் எதை நட்டாலும் இந்த நல்ல பூஞ்சாணம் முதலில் குடியேறியிருப்பது நல்லது.

தூருக்கு மேல்பக்கம் ஒரே ஒரு வேலைதான் செய்தேன். மேலிருந்து ஓடிவரும் தண்ணீர் தூருக்குள் இறங்காதபடி, ஆழமில்லாத சாய்வு வாய்க்கால் எடுத்து ஓரமாகப் புல்தரைக்குத் திருப்பிவிட்டேன். மிச்சமிருந்த மரத்தூளையெல்லாம் மண்ணோடு கலக்காமல் மேலே மூடாக்காகப் பரப்பினேன்.

முதல் கோடையில் நாலு தடவை தண்ணீர், ரெண்டு தடவை அமுதக்கரைசல். அவ்வளவுதான். நொச்சியில் 7, ஆடாதொடையில் 6 பிடித்தன. இரண்டாவது வருஷத்திலிருந்து தண்ணீரே ஊற்றவில்லை. வருஷத்தில் ரெண்டு வெட்டு: தையில் ஒன்று, ஆனி கடைசியில் ஒன்று. முழங்கால் உயரத்துக்கு வெட்டி, தழையை அங்கேயே தூரின் மேல் போடுவேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் வெட்ட மாட்டேன். பாதியை வெட்டிவிட்டு, அது துளிர்த்த பிறகு மீதி. காரணம் தேனீ.

தேனீக் கணக்கு

சில்வர் ஓக்கை விற்றபோது நான் மரத்தின் கன அடியைத்தான் கணக்குப் போட்டேன். கோடையில் அது பூத்துக் கொட்டும் ஆரஞ்சுப் பூவைக் கணக்கில் சேர்க்கவில்லை. தேன் நிறைந்த பூ அது. ஏலம் பூக்கத் தொடங்குமுன், தேனீக்களுக்குப் பசி தீர்த்தது அந்த மரங்கள்தான்.

ஏலப்பூ காலையில் விரிந்து, அன்றைக்கே வாடிவிடும். அந்த ஒரு பகலுக்குள் தேனீ வந்தால் காய், வராவிட்டால் சரத்தில் வெறும் காம்பு. நம் அடுக்குத் தேனீயும் மலைத்தேனீயும்தான் இந்த வேலையில் பெரும்பங்கு செய்கின்றன. கோடை மழைக்குப் பிறகு ஏலம் பூக்கும்போது தேனீ காட்டில் இருக்க வேண்டுமென்றால், அதற்கு முந்தின மாசங்களில் அவற்றுக்குச் சாப்பாடு இருக்க வேண்டும். போடி ஏல மையத்தில் கிலோவுக்கு என்ன விலை போகிறது என்று பார்க்கிற நாம், காட்டோரத்தில் என்ன பூ இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

ஒரு தூரைச் சுற்றிய பதிமூன்று குத்துச்செடி நாலு மரங்களின் பூவுக்கு ஈடாகாது. அதனால் மற்ற மூன்று தூர்களைச் சுற்றியும் வைத்தேன். இப்போது பனி முடிந்த பிறகு ஆடாதொடையில் பெரிய கருவண்டுத் தேனீக்களும், நொச்சியில் சின்னத் தேனீக்களும் காலை முழுக்க இரைந்துகொண்டிருக்கின்றன. காய்ப்பு எத்தனை சதவீதம் கூடியது என்று நான் அளந்து பார்க்கவில்லை. தேனீ திரும்பியிருக்கிறது, அதைக் கண்ணால் பார்க்கிறேன்.

இன்றைய நிலை

போன மழைக்கு முன்னால் மறுபடியும் கடப்பாரையோடு போனேன். அடிக்கட்டை இப்போது கட்டையே அல்ல. கையால் உதிர்த்தால் கறுத்த பொடியாக விழுகிறது, அதில் மண்புழு. ஓரத்தில் தோண்டினால் நொச்சி வேர், மட்கிய சில்வர் ஓக் வேரின் பொந்துக்குள்ளேயே நுழைந்து ஓடியிருக்கிறது. பழையவர் போட்ட பாதையிலேயே புதியவர் நடக்கிறார்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஒரு கூடை மண் சரிந்திருந்தது. முதல் வருஷம் ரெண்டு நொச்சிப் போத்து பிடிக்காமல் போன இடம். அடுத்த மழையில் நிரப்பலாம் என்று சோம்பலாக விட்டிருந்தேன். சரிவு சோம்பலை மன்னிப்பதில்லை. இப்போது நிரப்பிவிட்டேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நொச்சியும் ஆடாதொடையும் பிடிப்பது மேல்மண்ணை. மலையே பெயர்ந்து வருகிற நிலச்சரிவை எந்தக் குத்துச்செடியும் நிறுத்தாது. சரிவில் புது வெடிப்பு தெரிந்தாலோ, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ செடியை நம்பி நிற்காதீர்கள். இடத்தை விட்டு விலகி, ஊருக்கும் அதிகாரிகளுக்கும் சொல்லுங்கள்.

அடுத்த மரத்துக்கு

பழைய தோட்டக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நிழல்மரத்தை எடுப்பதற்கு முன்னால் அடியில் பட்டையைச் சுற்றி உரித்து விடுவார்கள். இலையில் தயாராகும் உணவு வேருக்கு இறங்காது. வேர் தன் கையிருப்பைத் தின்று தீர்த்துவிடும். மரம் தானாகக் காய்ந்த பிறகு வெட்டினால், அந்தத் தூரில் வேர்நோய்ப் பூஞ்சாணத்துக்குச் சாப்பாடு இருக்காது. 1930-களில் ஆப்பிரிக்காவில், இன்று மலாவி என்று சொல்லப்படும் நாட்டின் தேயிலைத் தோட்டங்களில் லீச் என்ற ஆய்வாளர் இதன் காரணத்தை விளக்கினார். அங்கிருந்து பல நாட்டுத் தோட்டங்களுக்குப் பரவியது. சமமான நிலத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் இது நல்ல முறை. பாதைக்கு மேலே காய்ந்த மரத்தை நிறுத்தி வைப்பது மட்டும் வேண்டாம். கிளை எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது.

சரிவில் நிற்கும் மரத்துக்கு நான் கண்ட வழி வேறு. இன்னும் ரெண்டு சில்வர் ஓக் விளிம்பில் நிற்கின்றன. மகளுக்குக் கல்யாணம் என்று வந்தால் ஒருவேளை விற்க வேண்டியிருக்கும். அவற்றைச் சுற்றி போன ஐப்பசியிலேயே நொச்சியும் ஆடாதொடையும் நட்டுவிட்டேன். நிழலில் கொஞ்சம் மெதுவாகத்தான் வருகின்றன, பரவாயில்லை. மூன்று வருஷம் கழித்து மரம் போனாலும், மண் ஒரு நாள்கூடப் பிடியில்லாமல் நிற்காது.

போத்து வேண்டும் என்று பக்கத்துக் காட்டு மாமா போன வாரம் வந்தார். தையில் வெட்டியது ஒரு கட்டு வைத்திருந்தேன். "இப்ப வச்சா காய்ஞ்சிரும் மாமா, ஐப்பசிக்கு வாங்க, புதுசா வெட்டித் தர்றேன்" என்றேன். பிடுங்கிய குழி ரெண்டும் அவர் காட்டில் இன்னும் வெறுமனேதான் கிடக்கின்றன. இந்த மழைக்கு அங்கேயும் நடப்போகிறோம்.